எல்லா பிள்ளைங்களும் ஆடுற கிரிக்கெட் கிளப்: மும்பைல புதுசா பொறுப்பு எடுக்கிறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

தாராவி, சயான் கோலிவாடா, ஆண்டாப் ஹில், செம்பூர்னு நம்ம தமிழ் ஆளுங்க இருக்கிற ஏரியால ஏதாவது ஒரு இளைஞர் மன்றத்துல "இனிமே சின்னப் பசங்க கிரிக்கெட்டை நீங்க பாத்துக்கோங்க"ன்னு உங்ககிட்ட சொல்லிட்டாங்களா, இல்ல நீங்களே ஒரு ஆசைல பத்து பிள்ளைங்கள சேத்து ஆரம்பிக்கலாம்னு இருக்கீங்களா, ரெண்டுல எதுவா இருந்தாலும் இது உங்களுக்குத்தான். கோச்சிங் சர்டிஃபிகேட் இல்லையேன்னு யோசிக்காதீங்க, 8 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு ஆரம்பத்துல வேண்டியது நேரத்துக்கு வர்ற, கத்தாத, எல்லார் கைலயும் பந்தும் பேட்டும் போகுதான்னு கவனிக்கிற ஒரு ஆள்.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமா படுறது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம மைதானத்துல சாயந்தரம் போய் பத்து நிமிஷம் நின்னு பாருங்க, இருபது பிள்ளைங்க இருந்தா அதுல நாலு பேர் பேட்டிங் போலிங் ரெண்டும் பண்ணுவாங்க, மீதி பதினாறு பேர் பந்து பொறுக்கிட்டு நிப்பாங்க. அந்த நாலு பேர் யாரு? வயசுக்கு முன்னாடியே வளந்தவங்க, சொந்த பேட் வச்சிருக்கவங்க, இல்லன்னா சத்தமா பேசுறவங்க. 11 வயசுல குள்ளமா இருக்கிறவன் 16ல ஆறடி ஆகலாம், அப்போ வேகமா போட்டவன் 16ல சாதாரணமாயிடலாம், ஆனா அந்த குள்ளமானவன் அஞ்சு வருஷம் பவுண்டரி ஓரமா லாங் ஆன்ல நின்னே சலிச்சுப் போய் கிளப்ப விட்டே போயிருப்பான். அதனால எல்லாருக்கும் வாய்ப்புங்கிறத யாரும் இரக்கம்னு நினைக்க வேண்டாம், நல்ல பிளேயர் உருவாகணும்னாலும் அதுதான் வழி.

மும்பை கிரிக்கெட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை ஒண்ணு இருக்கு. 1988 பிப்ரவரில ஆஸாத் மைதான்ல ஹாரிஸ் ஷீல்டு மேட்ச்ல சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் ஷாரதாஷ்ரம் ஸ்கூலுக்காக சேந்து 664 ரன் அடிச்சாங்க, சச்சின் 326, காம்ப்ளி 349, ரெண்டு பேருமே நாட் அவுட். அன்னைக்கு அடுத்த பேட்ஸ்மேனா பேடு கட்டிட்டு உக்காந்தே இருந்த பையன் அமோல் மஜும்தார். அவருக்கு அந்த மேட்ச்ல பேட்டிங்கே வரல. பின்னாடி அவர் ரஞ்சி அறிமுக மேட்ச்லயே 260 அடிச்சார், ஃபர்ஸ்ட் கிளாஸ்ல 11,000 ரன்னுக்கு மேல எடுத்தார், இந்தியாவுக்கு ஒரு மேட்ச் கூட ஆடல. ஆனா 2025 நவம்பர் 2ந்தேதி நவி மும்பை டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்துல இந்திய பெண்கள் டீம் தென்னாப்பிரிக்காவ ஜெயிச்சு உலகக்கோப்பை வாங்கினப்போ அந்த டீமோட தலைமை கோச் அவர்தான். அவர் கிரிக்கெட்ட விடாம ஒட்டிக்கிட்டார். உங்க கிளப்ல பேடு கட்டி உக்காந்திருக்கிற பிள்ளைங்க எல்லாரும் அப்படி ஒட்டிக்க மாட்டாங்க, ரெண்டு ஞாயித்துக்கிழமை பேட்டிங் வரலன்னா மூணாவது ஞாயித்துக்கிழமை வர மாட்டாங்க.

முதல் வேலை: நேரமும் இடமும்

பேட் பால் வாங்குறதுக்கு முன்னாடி நேரத்த முடிவு பண்ணுங்க, ஏன்னா யார் வருவாங்க யார் வர மாட்டாங்கங்கிறது பாதி அங்கயே தீர்மானம் ஆயிடுது. காலைல ஆறு மணிக்கு பிராக்டிஸ்னு வச்சீங்கன்னா நம்ம ஏரியால பல வீட்டுல அதுதான் குழாய்ல தண்ணி வர்ற நேரம், குடம் புடிக்கிறது பெரும்பாலும் பொண்ணுங்கதான், அப்போ கிளப்புக்கு பசங்க மட்டும் வருவாங்க, அப்புறம் நீங்க "பொண்ணுங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல"ன்னு முடிவு பண்ணிடுவீங்க. சாயந்தரம் ஆறு மணின்னா டியூஷன். அதனால ஒவ்வொரு சந்துலயும் ரெண்டு அம்மாக்கள்ட்ட கேளுங்க, தண்ணி எப்போ, டியூஷன் எப்போ, மதரஸா எப்போ, சர்ச் கிளாஸ் எப்போன்னு எழுதி வச்சுட்டு அதுக்கு நடுவுல கிடைக்கிற நேரத்த எடுங்க. சனிக்கிழமை நாலு மணியும் ஞாயித்துக்கிழமை எட்டரை மணியும் நிறைய பேருக்கு ஒத்து வரும்.

இடம் மும்பைல பெரிய பிரச்சனைதான். மாநகராட்சி மைதானம்னா வார்டு ஆபீஸ்ல எழுத்து மூலமா அனுமதி கேளுங்க, வாய் வார்த்தைல வாங்கினது அடுத்த வாரம் ஒரு பெரிய டென்னிஸ் பால் டோர்னமென்ட் வந்தா நிக்காது. ஸ்கூல் கிரவுண்டுன்னா ஹெட்மாஸ்டர போய் பாருங்க, ஸ்கூல் பிள்ளைங்களையும் சேத்துக்குறோம்னு சொன்னா கதவு திறக்கும். பிள்ளைங்க நடந்து வர்ற தூரத்துல சின்ன இடம் இருந்தா அதுவே போதும், மாட்டுங்கா தாட்கர் மைதானோ தாதர் சிவாஜி பார்க்கோ பெரிய மேட்சுக்கு போயிக்கலாம், வாராவாரம் அங்க போகணும்னா ரயில் காசு இல்லாத பிள்ளை முதல்ல நின்னுடும். ஞாயித்துக்கிழமை வெளி மைதானத்துல மேட்ச் வச்சா முந்தின நாளே மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயில நிறுத்துறது) எந்த லைன்லன்னு பாத்துடுங்க, ஹார்பர் லைன் நிறுத்தி வச்சா செம்பூர் பிள்ளைங்க பாதி பேர் டாஸுக்கு வந்து சேர மாட்டாங்க.

ரெண்டாவது: பிள்ளைங்கள சேர்க்கிறது

வாட்ஸ்அப்ல போஸ்டர் போட்டா ஏற்கனவே கிரிக்கெட் ஆடுறவங்க மட்டும்தான் வருவாங்க. வீட்டுக்கு போங்க. போகும்போது ஒரு அக்காவ கூட்டிட்டு போங்க, மன்றத்துல இருக்கிற யாராவது, காலேஜ் படிக்கிற பொண்ணா இருந்தாலும் சரி, அம்மாக்கள் அவங்ககிட்ட கேக்குற கேள்விய உங்ககிட்ட கேக்க மாட்டாங்க. பொண்ணுங்கள தனியா ஒருத்தியா சேக்காதீங்க, ரெண்டு மூணு பேரா சேருங்க, அக்கா தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பொண்ணு, கிளாஸ்மேட்னு. ஒருத்தி மட்டும் இருபது பசங்க நடுவுல நின்னா ரெண்டாவது வாரம் வர மாட்டா, அது அவ தப்பு இல்ல.

சேர்க்கும்போது ஒரு ஃபாரம் வாங்கிக்கோங்க: பேரு, பிறந்த தேதி, அம்மா அப்பா ரெண்டு பேர் நம்பர், ஆஸ்துமா வலிப்பு மாதிரி ஏதாவது இருக்கா, கண்ணு காது எப்படி, எந்த மொழி நல்லா புரியும். இந்த கடைசி கேள்விய விடாதீங்க. மன்றம் நம்மளோடதா இருந்தாலும் பக்கத்து சந்துல இருக்கிற மராத்தி பையன், பீகார்ல இருந்து வந்த குடும்பத்துப் பொண்ணு எல்லாரும் வருவாங்க, நீங்க தமிழ்லயே பேசிட்டு போனா அவங்க ஓரமா நிப்பாங்க, முதல்ல தமிழ்ல சொல்லுங்க உடனே ஹிந்திலயும் சொல்லுங்க, பிள்ளைங்க ரெண்டே மாசத்துல அவங்களே மொழிபெயர்த்துக்குவாங்க.

ஃபீஸ் பத்தி ஒரு வார்த்தை. மாசக் கட்டணம் வச்சீங்கன்னா அத வீட்டுல போய் வாங்குங்க, மைதானத்துல லிஸ்ட் படிச்சு "நீ இன்னும் கட்டல"ன்னு சொல்லாதீங்க, கட்ட முடியாதவங்களுக்கு விட்டுக் கொடுக்கிறதும் உங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் மட்டும் தெரிஞ்சா போதும்.

மூணாவது: பந்தும் பிட்ச் நீளமும்

இங்கதான் நிறைய கிளப் தப்பு பண்றாங்கன்னு நான் நினைக்கிறேன், 9 வயசுப் பிள்ளைகிட்ட சீசன் பால, அதாவது கெட்டியான லெதர் பந்த கொடுத்து 22 கஜத்துல, முழு நீளத்துல போட சொல்றாங்க. பெரியவங்க ஆடுற லெதர் பால் கிட்டத்தட்ட 156ல இருந்து 163 கிராம். பெண்கள் கிரிக்கெட்டுக்கு 140ல இருந்து 151 கிராம். 13 வயசுக்கு கீழ 133ல இருந்து 144 கிராம். இது கிரிக்கெட் சட்டத்துலயே இருக்கு, ஆனா கடைல போய் ஜூனியர் பால்னு கேட்டாதான் எடுத்துக் கொடுப்பாங்க. நீங்க ஆரம்பிக்கும்போது அது கூட வேண்டாம், முதல் ஆறு மாசம் டென்னிஸ் பால் போதும், பயம் இல்லாம பந்துக்கு பின்னாடி வர்ற பழக்கம் அதுலதான் வரும். பயந்து லெக் சைடு ஒதுங்குற பழக்கம் ஒரு தடவ வந்துட்டா அத மாத்துறது ரொம்ப கஷ்டம்.

நீளத்துக்கு ஆஸ்திரேலியாவோட ஜூனியர் முறை நல்லா இருக்கு: சின்னவங்களுக்கு 16 மீட்டர், சைடுக்கு 7 பேர், அடுத்த கட்டத்துக்கு 18 மீட்டர், 9 பேர், அதுக்கப்புறம்தான் முழு நீளம், 11 பேர். முழு நீளத்துல சின்னப் பிள்ளை போட்டா பந்து ரெண்டு மூணு தடவ குத்தி உருண்டு வரும், இல்லன்னா தூக்கி வீசுறதுக்காக கைய மடக்கி எறிய ஆரம்பிச்சுடுவாங்க. பிட்ச சின்னதாக்குங்க, அப்போ போடுறவங்களுக்கு லைன் வரும், அடிக்கிறவங்களுக்கு அடிக்கிற மாதிரி பந்து வரும், ஃபீல்டருக்கும் வேலை வரும். சுண்ணாம்புல மூணு கோடு போட்டுட்டா ஒரே பிட்ச்ல மூணு வயசு குரூப்பும் ஆடலாம்.

நாலாவது: ஒண்ணரை மணி நேரத்த எப்படி ஓட்டுறது

ஒருத்தர் பேட்டிங், ஒருத்தர் போலிங், மத்தவங்க சுத்தி நிக்கிற நெட் பிராக்டிஸ் இந்த வயசுக்கு வேண்டாம். 24 பிள்ளைங்க வந்தா ஆறு ஆறு பேரா நாலு குரூப் பிரிங்க. முதல் பத்து நிமிஷம் ஓடிப்புடிச்சு மாதிரி ஒரு ஆட்டம், உடம்பு சூடாகும், புதுசா வந்தவங்களும் சிரிச்சுடுவாங்க. அப்புறம் நாலு இடத்துல நாலு வேலை, ஒவ்வொண்ணும் 12 நிமிஷம், விசில் அடிச்சதும் மாறணும். ஒரு இடத்துல நிக்க வச்ச பந்த அடிக்கிறது, காலி தண்ணி பாட்டில் மேல பந்த வச்சாலே போதும். இன்னொரு இடத்துல போலிங், ரன்னப் இல்லாம நின்ன இடத்துல இருந்து, ஸ்டம்புக்கு முன்னாடி ஒரு பழைய துணிய விரிச்சு அது மேல குத்த வைக்கணும். மூணாவது கேட்ச் புடிக்கிறது, ரெண்டு ரெண்டு பேரா, கிட்ட நின்னு ஆரம்பிச்சு ஒரு ஒரு அடியா பின்னாடி போகணும். நாலாவது ரன் ஓடுறது, கால் பண்றது, அதாவது ஓடலாமா வேண்டாமான்னு ஜோடிக்கு குரல் கொடுக்கிறது. கடைசி 25 நிமிஷம் மேட்ச்.

குரூப்புக்கு ஒரு பெரியவங்க இருந்தா நல்லது, இல்லன்னா 15, 16 வயசுப் பிள்ளைங்கள உதவிக்கு வைங்க. எங்கயாவது மூணு பேருக்கு மேல லைன்ல நிக்கிறத பாத்தீங்கன்னா அந்த வேலைய ரெண்டா பிரிச்சுடுங்க. இத மட்டும் கடைப்பிடிச்சாலே உங்க கிளப் வேற மாதிரி ஆயிடும்.

டீம் பிரிக்கிறப்போ ரெண்டு கேப்டன் வச்சு ஒவ்வொருத்தரா எடுக்க விடாதீங்க. கடைசியா எடுக்கப்படுற பிள்ளைக்கு அந்த நிமிஷம் எவ்வளவு வலிக்கும்னு ஒரு தடவ முகத்த பாத்தா தெரியும். ஒண்ணு ரெண்டு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி பிரிங்க. தெரு வாரியா, ஊர் வாரியா, அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற சாதி வாரியா டீம் ஆகுறது நம்மாளுங்ககிட்ட ரொம்ப சுலபமா நடந்துடும், அப்படி ஆகவிடாதீங்க, மைதானத்துல யாரும் யாரையும் எந்த ஊரு எந்த ஆளுன்னு கேக்கக்கூடாதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க.

அஞ்சாவது: எல்லாரும் ஆடுற மேட்ச்

சாதாரண மேட்ச்ல முதல் பந்துல அவுட் ஆன பிள்ளை ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கும், நல்லா ஆடுற ஒருத்தன் பேட்ட விடாம ஆடிட்டே இருப்பான். அதுக்கு பதிலா ஜோடி கிரிக்கெட் வைங்க, இங்கிலாந்துல சின்னப் பிள்ளைங்களுக்கு இப்படித்தான் ரொம்ப காலமா ஆட வைக்கிறாங்க. சைடுக்கு 8 பேர்னா நாலு ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் 4 ஓவர், ஆக 16 ஓவர். அந்த நாலு ஓவர்ல எத்தன தடவ அவுட் ஆனாலும் வெளிய போக வேண்டாம், ஒவ்வொரு அவுட்டுக்கும் டீம் ஸ்கோர்ல 5 ரன் குறையும், ஜோடி இடம் மாறி நிப்பாங்க. ஸ்கோர் மைனஸ்ல போயிடக் கூடாதுன்னு 200ல இருந்து ஆரம்பிங்க. போலிங்ல எட்டு பேரும் ரெண்டு ஓவர் போட்டே ஆகணும். வைடுக்கு ரெண்டு ரன் கொடுத்துட்டு எக்ஸ்ட்ரா பந்து வேண்டாம், இல்லன்னா ஒரு ஓவர் பதினஞ்சு பந்து போகும், போடுற பிள்ளை அழுதுடும். கடைசி ஓவர்ல மட்டும் எக்ஸ்ட்ரா பந்து வச்சுக்கலாம். கீப்பர நாலு ஓவருக்கு ஒரு தடவ மாத்துங்க, ஃபீல்டிங் இடமும் ஓவருக்கு ஓவர் ஒரு இடம் சுத்தி வரட்டும்.

பெரியவங்க சில பேர் வந்து "இது என்ன கிரிக்கெட்டா, அவுட்னா அவுட்தானே"ன்னு சொல்லுவாங்க. அவங்கள கூப்பிட்டு ஸ்கோர் எழுத உக்கார வைங்க, ஒரு இன்னிங்ஸ் முடியிறதுக்குள்ள யாருக்கு எவ்வளவு பந்து கிடைச்சதுன்னு அவங்களே பாத்துடுவாங்க. 13 வயசு தாண்டினதும் சாதாரண ரூல்ஸ்க்கு வரலாம், அப்பவும் நட்பு மேட்ச்ல 30 ரன் எடுத்தா ரிட்டயர் (அவுட் ஆகாமலே வெளிய வந்து அடுத்தவங்களுக்கு விடுறது), பேட்டிங் ஆர்டர் வாராவாரம் தலைகீழா மாறும்னு வச்சுக்கோங்க. டோர்னமென்ட்ல ஜெயிக்கணும்னு ஆசை எல்லாருக்கும் இருக்கும், ஆனா கூட்டிட்டு போற எல்லாரையும் ஆட வைங்க, ஆட வைக்க முடியாதுன்னா அந்த பிள்ளைட்ட முந்தின நாளே நேரா சொல்லிடுங்க.

பொண்ணுங்களுக்கு

11, 12 வயசு வரைக்கும் கலந்தே ஆடட்டும், பலத்துல பெரிய வித்தியாசம் கிடையாது, சொல்லப்போனா அந்த வயசுல நிறைய பொண்ணுங்க உயரமா இருப்பாங்க. அதுக்கப்புறம் பசங்களோட ஆடணுமா தனியாவாங்கிறத பொண்ணுங்ககிட்டயே கேளுங்க. பாண்டுப்ல வளந்த ஜெமிமா ரோட்ரிக்ஸ் சின்ன வயசுல அண்ணன்மாரோட ஆடித்தான் வந்தாங்க, 2025 உலகக்கோப்பை செமிஃபைனல்ல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா 127 நாட் அவுட். அந்த மேட்ச்ச பாத்த பொண்ணுங்க இப்போ தானா வந்து கேக்குறாங்க, வர்றவங்கள தக்க வைக்கிறது நம்ம கைல இருக்கு.

தக்க வைக்கணும்னா முதல்ல டாய்லெட். மைதானத்துக்கு பக்கத்துல சுத்தமா, தாழ்ப்பாள் போடுற மாதிரி ஒண்ணு இருக்கான்னு நீங்களே போய் பாருங்க, இல்லன்னா பக்கத்து ஸ்கூலோ சர்ச்சோ கோயில் ஆபீஸோ பேசி வைங்க. பல பொண்ணுங்க டாய்லெட் இல்லாததாலயே தண்ணி குடிக்காம வெயில்ல ஆடுறாங்க, அப்புறம் மயக்கம் வருது. கிட் பேக்ல ஒரு சின்ன பைல சானிட்டரி நாப்கின் ரெண்டு மூணு எப்பவும் இருக்கட்டும், அது எங்க இருக்குன்னு அக்கா ஒருத்தங்க பொண்ணுங்களுக்கு சொல்லி வைக்கட்டும், யார்ட்டயும் கேக்காம எடுத்துக்கலாம். பேன்ட்டா, லெகிங்ஸா, தலைல துணி கட்டிட்டு அதுக்கு மேல தொப்பியா, எது வசதியோ அது. பெரிய சைஸ் டி-ஷர்ட் ஆர்டர் பண்ணிட்டு பொண்ணுங்களுக்கும் அதையே கொடுக்காதீங்க. முடிஞ்சதும் இருட்டுறதுக்குள்ள சந்து வாரியா சேந்து வீட்டுக்கு போற மாதிரி முடிங்க. கேப்டனா மாசத்துக்கு ஒரு பொண்ணாவது இருக்கணும், எல்லாரும் ஆடுற பொது டீமுக்குத்தான் சொல்றேன்.

காது, கண்ணு, கை கால் வித்தியாசமா இருக்கிற பிள்ளைங்களுக்கு

நம்ம ஏரியால இந்த பிள்ளைங்க வீட்டுக்குள்ளயே இருப்பாங்க, யாரும் கூப்பிட மாட்டாங்க. நீங்க போய் கூப்பிடுங்க. முதல்ல பிள்ளைகிட்டயே கேளுங்க எப்படி ஆட வசதின்னு, அம்மாகிட்ட அடுத்து கேளுங்க.

காது கேக்காத பிள்ளைக்கு நீங்க மாத்த வேண்டியது ரொம்ப கம்மி. சொல்லும்போது முகத்துக்கு நேரா நின்னு சொல்லுங்க, சூரியன் உங்க முதுகுக்கு பின்னாடி இருந்தா உதடு தெரியாது, அத பாத்துக்கோங்க. விசிலோட ஒரு கலர் துணியையும் தூக்கி ஆட்டுங்க. ரன் கால் பண்றதுக்கு டீம் முழுசும் கை சைகை கத்துக்கணும்: கைய தூக்கினா ஓடு, உள்ளங்கைய காட்டினா நில்லு. இது மத்த பிள்ளைங்களுக்கும் நல்லது, பக்கத்துல பத்து மேட்ச் ஒண்ணா நடக்கிற ஆஸாத் மைதான்ல யார் கத்துறதும் யாருக்கும் கேக்காது.

கண் பார்வை குறைவான பிள்ளைக்கு பளிச்சுனு ஒரு மஞ்சள் பந்து, பின்னாடி ஒரு கருப்புத் துணி இருந்தாலே சில பேருக்கு போதும். சுத்தமா தெரியாதவங்களுக்கு பார்வையற்றோர் கிரிக்கெட் முறை இருக்கு: உள்ள மணி மாதிரி சத்தம் போடுற பிளாஸ்டிக் பந்து, கைய கீழ வச்சு உருட்டிப் போடணும், போடுறதுக்கு முன்னாடி ரெடியான்னு கேக்கணும். பார்வைய வச்சு பி1, பி2, பி3ன்னு மூணு பிரிவு, முழுசா தெரியாத பி1 பிளேயர் எடுக்கிற ஒவ்வொரு ரன்னும் ரெண்டா எண்ணப்படும். இந்திய ஆண்கள் டீம் 2012, 2017, 2022ன்னு மூணு தடவ பார்வையற்றோர் டி20 உலகக்கோப்பை ஜெயிச்சிருக்கு. உங்க கிளப்ல ஒரே ஒரு பிள்ளைதான் அப்படி இருக்குன்னாலும் மாசத்துக்கு ஒரு நாள் எல்லாரும் கண்ணக் கட்டிட்டு அந்த பந்துல ஆடுங்க, அன்னைக்கு அந்த பிள்ளைதான் மத்தவங்களுக்கு சொல்லிக் கொடுக்கும்.

ஓட முடியாத பிள்ளைக்கு ரன்னர் வைங்க. சர்வதேச மேட்ச்ல 2011ல ரன்னர எடுத்துட்டாங்க, ஆனா அது வேற, நம்ம கிளப்ல அந்த தடை எதுக்கு. வீல்சேர்ல இருக்கிற பிள்ளை 12 மீட்டர்ல இருந்து போடலாம், டென்னிஸ் பால்ல கிட்ட நின்னு கேட்ச் புடிக்கலாம். ஆட்டிசம் இருக்கிற பிள்ளைக்கு ஒவ்வொரு வாரமும் அதே வரிசைல வேலை நடக்கட்டும், மாத்துறதுன்னா முன்னாடியே சொல்லுங்க, சத்தம் அதிகமானா போய் உக்கார ஒரு ஓரம் வைங்க, ஹெல்மெட் புடிக்கலன்னா டென்னிஸ் பால்லயே ஆடட்டும். ஸ்கோரர் வேலையோட இவங்கள நிறுத்திடாதீங்க, ஸ்கோர் எழுத ஆசைப்பட்டா எழுதட்டும், ஆனா பேட்டிங் வாய்ப்பு கொடுத்ததுக்கு அப்புறம்.

கிட்

கிட் கிளப்போடதா இருக்கணும். சொந்த கிட் உள்ளவங்க மட்டும் லெதர் பால் ஆடுவாங்கன்னா அது ரெண்டு கிளப் ஆயிடும். தோபி தலாவ் பக்கம் ஸ்போர்ட்ஸ் கடைங்க வரிசையா இருக்கு, மன்றத்து லெட்டரோட மொத்தமா போய் கேட்டா விலை குறைப்பாங்க. பழைய பேடு கிளவுஸ் வளந்த பிள்ளைங்க வீட்டுல சும்மா கிடக்கும், அத கேட்டு வாங்குங்க. இடது கை பேட்ஸ்மேனுக்கு தனி கிளவுஸ் ஒரு ஜோடியாவது வேணும், இத எல்லாருமே மறந்துடுறாங்க. பேட் சைஸ் சரியா இருக்கணும், காலுக்கு பக்கத்துல நிக்க வச்சா கைப்பிடி நுனி இடுப்பு மடியிற இடத்த தாண்டக் கூடாது, "வளரும்போது சரியாயிடும்"னு வீட்டுல பெரிய பேட் வாங்கிக் கொடுத்தா அந்த பிள்ளைக்கு நேர் பேட்டே வராது. ஹெல்மெட்டுக்கு உள்ள கட்ட ஆளுக்கு ஒரு துணி, இடுப்புக்கு கீழ உள்ள போடுற கார்டு ஆளாளுக்கு சொந்தம், அத மட்டும் பங்கு போடக் கூடாது. பலமா அடி வாங்கின ஹெல்மெட்ட, வெளிய விரிசல் தெரியலன்னாலும், தூக்கிப் போட்டுடுங்க. லெதர் பால்னா 18 வயசுக்கு கீழ யாரும் ஹெல்மெட் இல்லாம பேட்டிங் கிடையாது, ஸ்டம்புக்கு கிட்ட நிக்கிற கீப்பருக்கும் அதேதான்.

உடம்பு

வேகமா போடுற பையன் கிடைச்சதும் அவன போட்டுத் தள்ளுவோம், இதுதான் ஆபத்து, வளர்ற வயசுல முதுகெலும்பு அடிபடும். இங்கிலாந்துல வேகமா போடுற பிள்ளைங்களுக்கு ரொம்ப காலமா வச்சிருக்கிற அளவு: 13 வயசு வரைக்கும் ஒரு ஸ்பெல்லுக்கு (ஓய்வு எடுக்காம தொடர்ந்து போடுறது) 5 ஓவர், ஒரு நாளைக்கு 10. 14, 15 வயசுக்கு 6ம் 12ம். 16, 17க்கு 7ம் 18ம். ஸ்கூல் டீம்லயும் ஆடுறவன்னா அங்க எத்தன போட்டான்னு கேட்டு சேத்து எண்ணுங்க. முதுகு வலின்னு சொன்னா அன்னைக்கே போலிங் நிறுத்தம், டாக்டர் பாத்த பிறகுதான் மறுபடி.

தலைல அடிபட்டா, நல்லாத்தான் இருக்கேன்னு பிள்ளை சொன்னாலும், அன்னைக்கு திரும்ப ஆட வேண்டாம், வீட்டுக்கு சொல்லுங்க, வாந்தியோ தூக்கக் கலக்கமோ வந்தா நேரா ஆஸ்பத்திரி. அக்டோபர் வெயிலும் ஏப்ரல் வெயிலும் மோசம், இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ தண்ணி. காலைல சாப்பிடாம வர்ற பிள்ளைங்க இருப்பாங்க, யாருன்னு கேக்காம எல்லாருக்கும் வாழைப்பழம் கொடுத்துடுங்க.

பாதுகாப்பு, இத படிக்காம தாண்டாதீங்க

எந்த பெரியவங்களும் ஒரு பிள்ளையோட தனியா இருக்கக் கூடாது, டாய்லெட், டிரெஸ் மாத்துற இடம், பைக்ல வீட்டுல விடுறது எல்லாத்துக்கும் இது பொருந்தும், உங்களுக்கும் சேத்துத்தான். எப்பவும் ரெண்டு பெரியவங்க. ஸ்டான்ஸ், அதாவது பேட்டோட நிக்கிற நிலைய திருத்தணும்னா தொடாம செஞ்சு காட்டுங்க, தொடணும்னா கேட்டுட்டு எல்லார் முன்னாடியும். அடிக்கிறது, முட்டி போட வைக்கிறது, "பொம்பள மாதிரி எறியுற"ங்கிறது, கலர் சொல்லி கூப்பிடுறது எதுவும் கிடையாது. பிள்ளைங்க போட்டோவ பெத்தவங்க எழுதிக் கொடுக்காம குரூப்ல போடாதீங்க. உதவிக்கு வர்றவங்களுக்கு போலீஸ் வெரிஃபிகேஷன் எடுத்துடுங்க. ஒரு பிள்ளை வந்து ஏதாவது சொன்னா நம்புங்க, மன்றத்துக்குள்ளயே பேசி முடிக்கப் பாக்காதீங்க, பிள்ளைங்கள பாலியல் குற்றத்துல இருந்து காக்குற 2012 போக்சோ சட்டப்படி தெரிஞ்சும் போலீஸ்ல சொல்லாம இருக்கிறது குற்றம். 1098 குழந்தைகள் ஹெல்ப்லைன், அந்த நம்பர கிட் பேக் மேலயே எழுதி வைங்க.

நல்லா ஆடுற பிள்ளை வந்தா

பெத்தவங்க கேப்பாங்க, "இவன் ஐபிஎல் போவானா"ன்னு. வாக்கு கொடுக்காதீங்க, வழிய சொல்லுங்க. மும்பைல ஸ்கூல் கிரிக்கெட்தான் பெரிய வாசல், 14 வயசுக்கு கீழ கைல்ஸ் ஷீல்டு, 16க்கு கீழ ஹாரிஸ் ஷீல்டு. சச்சினே கோச் ரமாகாந்த் அச்ரேக்கர் சொல்லித்தான் ஸ்கூல் மாறினார். அதனால பிள்ளை படிக்கிற ஸ்கூல்ல டீம் இருக்கான்னு முதல்ல பாருங்க, இல்லன்னா ஏழாம் கிளாஸுக்குள்ள யோசிக்கணும், அதுவும் படிப்ப கெடுக்காம. மும்பை கிரிக்கெட் சங்கத்து செலக்‌ஷன் அறிவிப்புகள பாத்துட்டே இருங்க. பிறந்த சர்டிஃபிகேட் ஊர்ல எடுத்தது, ஆதார், ஸ்கூல் ரெக்கார்டு மூணுலயும் பேரும் தேதியும் ஒண்ணா இருக்கணும், நம்ம பிள்ளைங்களுக்கு இன்ஷியல், அப்பா பேரு, சர்நேம் குழப்பத்துலயே பாதி வாய்ப்பு போகுது, பத்து வயசுலயே திருத்தி வைங்க. வயச குறைச்சுக் காட்டலாம்னு யாராவது ஐடியா கொடுத்தா கேக்காதீங்க, 16க்கு கீழ ஆடுறவங்களுக்கு எலும்பு எக்ஸ்ரே டெஸ்ட் இருக்கு, மாட்டினா தடை.

இந்த ஒரு பிள்ளைக்காக மத்த 23 பேர் நேரத்த எடுக்காதீங்க. அவனுக்கு இல்ல அவளுக்கு வாரத்துல ஒரு நாள் தனியா எக்ஸ்ட்ரா கொடுங்க, சனி ஞாயிறு எல்லாரோடயும் ஒண்ணா ஆடட்டும்.

மே மாசமும் மழையும்

ஏப்ரல் கடைசில பரீட்சை முடிஞ்சதும் பாதி டீம் திருநெல்வேலி, தூத்துக்குடி, சேலம்னு ஊருக்கு ரயில் ஏறிடும். அதனால பெரிய டோர்னமென்ட் எதையும் மே மாசத்துல வைக்காதீங்க, மும்பைலயே இருக்கிற பிள்ளைங்க கம்மியா இருக்கிறதால அவங்களுக்கு இதுதான் நிறைய பேட்டிங் கிடைக்கிற மாசம், புதுசா சேர்றவங்களுக்கும் கூட்டமில்லாம கத்துக்க நல்ல நேரம். ஊருக்கு போறவங்க கைல ஒரு டென்னிஸ் பால கொடுத்து அனுப்புங்க, சுவத்துல அடிச்சு தினம் அம்பது கேட்ச் புடிக்க சொல்லுங்க.

ஜூன்ல மழை வந்துடும். 1948ல இருந்து மழைக்காலத்துலயே நடக்கிற காங்கா லீக் மும்பைல இருக்கு, ஈர பிட்ச்ல பெரியவங்க எப்படி ஆடுறாங்கன்னு ஒரு ஞாயித்துக்கிழமை பிள்ளைங்கள கூட்டிட்டு போய் காட்டுங்க, பாக்க காசு கிடையாது. மத்த நாள்ல மன்றத்து ஹால்லயோ ஸ்கூல் வராண்டாலயோ வெறுங்காலோட நின்னு சாக்ஸ் உருண்டைய பந்தா வச்சு ரிஃப்ளெக்ஸ் கேட்ச் (சட்டுனு வர்றத புடிக்கிறது), ஸ்கோர் ஷீட் எழுதுறது, அம்பயர் சைகை கத்துக்கிறதுன்னு ஓட்டலாம். பிள்ளைங்க வரலன்னா ரெண்டாவது வாரமே வீட்டுக்கு ஃபோன் பண்ணுங்க. காரணம் கேக்கும்போது திட்டுற குரல் வேண்டாம், ஷூ கிழிஞ்சிருக்கும், தங்கச்சிய பாத்துக்கிற வேலை இருக்கும், யாராவது ஏதாவது சொல்லியிருப்பாங்க, ஷூன்னா வாங்கிக் கொடுக்கலாம், தங்கச்சின்னா அவளையும் கூட்டிட்டு வர சொல்லலாம், யாராவது சொன்னதுன்னா அத அந்த வாரமே நீங்க போய் பேசி தீக்கணும்.